‘வித்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்து எடிம்ஆன்லைனைச் சோதித்தபோது

வங்கியில் பணம் எடுக்கும் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது, கூட வந்திருந்த என் தங்கை மகள் அதன் தலைப்பைப் படித்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டாள். ‘வித்’ என்றால் ‘உடன்’ என்றுதான் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். ‘ட்ரா’ என்றால் இழுப்பது. அப்படியானால் ‘வித்ட்ரா’ என்பது ‘கூடச் சேர்த்து இழுப்பது’ என்றல்லவா இருக்க வேண்டும், கணக்கிலிருந்து வெளியே எடுப்பதற்கு எப்படி அந்தச் சொல் வந்தது மாமா, என்றாள். பல ஆண்டுகளாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கிற எனக்கு அந்தக் கேள்வி ஒருமுறைகூடத் தோன்றியதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ‘வித்ஸ்டாண்ட்’ என்ற சொல்லை நூறு முறையாவது ‘தாக்குப்பிடித்தல்’ என்றும் ‘எதிர்த்து நிற்றல்’ என்றும் பெயர்த்திருக்கிறேன். அதன் முன்பாதி ஏன் ‘எதிர்த்து’ என்ற பொருளைத் தருகிறது என்று நின்று பார்த்ததில்லை.

அன்றிரவு முதலில் நாடியது, ஏற்கெனவே காசு கட்டிக் கைப்பேசியில் ஏற்றி வைத்திருந்த ஒரு சொல்லகராதிச் செயலியை. அதன் பெயர் இங்கே வேண்டாம். கயிறு போல முறுக்கிக் கட்டுவதற்குப் பயன்படும் மெல்லிய மரக்கிளைக்கு ஆங்கிலத்தில் ‘வித்’ என்றே ஒலிக்கும் ஒரு பழைய பெயர் உண்டென்றும், இரண்டு பொருள்களைச் சேர்த்துக் கட்டுவதிலிருந்துதான் ‘உடன்’ என்ற பொருள் பிறந்ததென்றும் அது அழகாகக் கதை சொல்லியது. கேட்பதற்கு இனிமையான கதைதான். ஆனால் கட்டுவதிலிருந்து பிறந்த சொல் ‘எதிர்த்து நிற்றல்’ என்ற சொல்லுக்குள் என்ன செய்கிறது என்பதற்கு அதில் விடை இல்லை. கேட்ட கேள்வி கேட்டபடியே கிடந்தது. அந்த மரக்கிளைப் பெயர் ‘முறுக்குதல்’ என்ற பொருளுள்ள வேறொரு வேரிலிருந்து வந்தது என்பதும், நம் இடைச்சொல்லுக்கும் அதற்கும் ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு உறவே இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. அதன் பிறகு எடிம்ஆன்லைன் என்ற இணைய அகராதியைத் திறந்தேன். அதற்கு முன்பும் அவ்வப்போது எட்டிப் பார்த்ததுண்டு. ஆனால் ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அது எவ்வளவு தூரம் அழைத்துச் செல்கிறது, எந்த இடத்தில் கையை விடுகிறது என்று பொறுமையாகப் பார்த்தது இதுவே முதல் முறை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லாங்காஸ்டர் நகரைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் என்பவர் ஏறக்குறையத் தனி ஆளாகத் தொகுக்கத் தொடங்கி வளர்த்த ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி இது. பல்கலைக்கழகம் ஒன்றின் துறை வெளியீடாக அல்லாமல், ஏற்கெனவே அச்சில் உள்ள பெரிய அகராதிகளையும் ஆய்வு நூல்களையும் வாசித்துச் சுருக்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒன்றிரண்டு பத்திகளில் அதன் பிறப்பையும் வளர்ப்பையும் சொல்லும் தொகுப்பாக அது உருவாகியிருக்கிறது. கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. கைப்பேசிச் செயலியாகவும் கிடைக்கிறது. சொல்லைத் தட்டியவுடன் பதில் வந்துவிடுகிறது என்பதால், மொழிபெயர்ப்பின் நடுவே எழுந்துபோய்த் தடித்த நூலைப் புரட்டுகிற வேலை மிச்சம்.

‘வித்’ என்ற பதிவு நீளமானதல்ல. ஆனால் அதன் முதல் வரியே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் முதன்மையான பொருள் ‘எதிராக’ என்கிறது அது. எதிரே, நோக்கி, அருகில், விலகி ஆகிய பொருள்களும் இருந்தன. இன்று நாம் முதலில் சொல்லும் ‘உடன்’ மட்டும் அந்த முதல் வரியில் இல்லை. ஜெர்மன் மொழியில் ‘எதிராக’ என்ற பொருளில் இன்றும் வழங்கும் ‘வீடர்’ என்ற சொல்லும் இதன் உடன்பிறப்பே. ஜெர்மானிய மொழிகளுக்கெல்லாம் தாயாகக் கருதப்படும் மொழியில் ‘எதிராக’ என்ற பொருளுள்ள ஒரு சொல்லாக இருந்து, அதற்கும் முந்தைய இந்தோ-ஐரோப்பியத் தாய்மொழியில் ‘மேலும் விலகி’ என்ற பொருளுள்ள ‘வி-தெரோ’ என்ற வடிவத்திலிருந்து இது கிளைத்தது என்று பதிவு தொடர்கிறது. ‘வித்ட்ரா’, ‘வித்ஹோல்ட்’, ‘வித்ஸ்டாண்ட்’ ஆகிய மூன்றிலும் பழைய பொருள் அழியாமல் தங்கிவிட்டது என்றும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது. வங்கிப் படிவத்துக்கு விடை கிடைத்துவிட்டது: விலக்கி இழுப்பதுதான் ‘வித்ட்ரா’, விலக்கிப் பிடித்து வைப்பது ‘வித்ஹோல்ட்’, எதிரே நிற்பது ‘வித்ஸ்டாண்ட்’.

இந்தப் பதிவில் தமிழ் வாசகருக்கென்றே வைத்தது போல ஒரு வரி இருக்கிறது. அந்த ‘வி’ என்ற வேருக்குச் சான்றாகச் சமஸ்கிருதத்தின் ‘வி’ என்ற முன்னொட்டையும், ‘இன்னும் தொலைவாக’ என்ற பொருளுள்ள ‘விதரம்’ என்ற சொல்லையும் அது காட்டுகிறது. வியோகம், விரோதம், விசேஷம் என்று நாம் அன்றாடம் புழங்கும் வடசொற்களின் தலையில் நிற்கும் ‘வி’ அதுவேதான். இதர, உத்தர ஆகிய சொற்களின் வாலில் நிற்கும் ‘தர’ அந்த இரண்டாம் பாதி. விரோதத்துக்கும் ‘வித்’துக்கும் ஒரே கொள்ளுப்பாட்டி என்பது, ‘வித்’தை நட்பின் சொல்லாக மட்டுமே மனப்பாடம் செய்த எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருந்தது. விவாகம் என்ற சொல்லிலும் இதே ‘வி’ இருக்கிறது. பெண்ணைப் பிறந்த வீட்டிலிருந்து விலக்கி அழைத்துச் செல்வது என்பதே அதன் நேர்ப்பொருளாதலால், பிரிவைக் குறிக்கும் முன்னொட்டு அங்கேயும் சேர்க்கையைக் குறிக்கும் சொல்லுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. இது பதிவில் இல்லை, என் சொந்தக் கிளைக்கதை. இப்படிக் கிளைவிட்டுப் போக வாசகனைத் தூண்டுவது இந்த அகராதியின் குணங்களில் ஒன்று.

‘எதிராக’ என்றிருந்த சொல் எப்படி ‘உடன்’ என்று திரும்பியது என்பதற்கு எடிம்ஆன்லைன் தரும் விடை ஏறக்குறைய ஒரே வாக்கியம். இடைக்கால ஆங்கிலத்தில் பொருள் மாறி இணைப்பையும் சேர்க்கையையும் குறிக்கத் தொடங்கியது. அதற்கு ஓரளவு ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியிலிருந்த ‘வித்’ காரணம். ‘ஒருவனோடு போரிடுதல்’ என்னும்போது லத்தீனில் வரும், ‘உடன்’ என்ற பொருளுள்ள ‘கும்’ என்ற சொல்லின் சாயலும் ஒருவேளை காரணமாகலாம். ‘ஓரளவு’, ‘ஒருவேளை’ என்ற சொற்களை விடாமல் வைத்திருப்பதற்காக ஹார்ப்பரைப் பாராட்ட வேண்டும். காசு வாங்கிய செயலி மரக்கிளைக் கதையை அடித்துச் சொன்னதோடு ஒப்பிட்டால் இந்தத் தயக்கத்தின் அருமை புரியும். ஆனால் மாற்றம் நடந்த இடத்தை நாம் கண்ணால் பார்க்க ஒரு பழைய வாக்கியமாவது பதிவில் வேண்டாமா? அப்படி ஒன்றுகூட அங்கே இல்லை. பொருள் மாறியது என்று சொல்லப்படுகிறது, மாறுவதை நாம் பார்ப்பதில்லை.

பார்ப்பதற்கு வேறோர் அகராதிக்குப் போக வேண்டியிருந்தது. ஜோசப் பாஸ்வொர்த் தொடங்கி நார்த்கோட் டோலர் முடித்து 1898இல் முழுமையாக வெளிவந்த, பழைய ஆங்கிலத்துக்கான அகராதியைப் பிராகு நகரின் சார்லஸ் பல்கலைக்கழகம் கணினியில் ஏற்றி இலவசமாகவே திறந்து வைத்திருக்கிறது. அதில் இதே சொல்லுக்கான பதிவு கீழே கீழே இறங்கிக்கொண்டே போகிறது. எந்த வேற்றுமையோடு வருகிறது என்பதைப் பொறுத்துப் பொருள்கள் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே மூல வரிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. வாசிப்பது எளிதல்ல, சுருக்கக் குறிகள் முள்வேலி போல நிற்கின்றன. ஆனால் ‘நோக்கி’, ‘எதிரே’, ‘எதிர்த்து’ ஆகிய மூன்றும் ஒரே சொல்லுக்குள் எப்படி அடங்கின என்பது அந்த வரிகளைப் படித்தால் தானாகவே விளங்கிவிடுகிறது. ஒருவனை நோக்கி ஆயுதத்தோடு அடியெடுத்து வைப்பவன் அவனுக்கு எதிராகவும்தானே வருகிறான்.

அந்தக் காலத்துச் சொல்லாட்சியைத் தேடி, பழைய ஆங்கிலத்தில் ஆண்டுவாரியாக எழுதப்பட்ட வரலாற்றுக் குறிப்பான ஆங்கிலோ-சாக்சன் நாளாகமத்துக்கும் போனேன். 9ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லும் வாக்கியம் அங்கே இருக்கிறது. எத்தல்ஹெல்ம் என்ற தலைவன் தென் இங்கிலாந்தின் போர்ட்லாந்தில் டேனியப் படையை எதிர்த்து டோர்செட் மக்களோடு சேர்ந்து போரிட்டான் என்பது அதன் செய்தி. பழைய ஆங்கிலத்தில் டேனியப் படைக்கு முன்னால் நிற்பது ‘வித்’. டோர்செட் மக்களுக்கு முன்னால் நிற்பது ‘மிட்’. ஒரே வாக்கியத்தில் எதிரிக்கு ஒரு சொல், கூட்டாளிக்கு ஒரு சொல். யார் எந்தப் பக்கம் என்பதில் குழப்பத்துக்கே இடமில்லை. அதே செய்தியை இன்றைய ஆங்கிலத்தில் அப்படியே எழுதினால் இரண்டு இடத்திலும் ‘வித்’ வந்து நிற்கும். டோர்செட்காரர்கள் அடித்தார்களா அடி வாங்கினார்களா என்று வாசகர் வரலாற்றைப் புரட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

போர்க்களத்தைவிட மருத்துவச் சுவடிகளில் இந்தப் பழைய பொருள் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 10ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டு இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் ‘பால்டின் மருத்துவ நூல்’ என்ற கையெழுத்துச் சுவடியில் கண்ணிமைக் கட்டிக்கு ஒரு களிம்பு சொல்லப்பட்டிருக்கிறது. பூண்டையும் அதன் இனத்தைச் சேர்ந்த மற்றொரு செடியையும் சம அளவில் எடுத்து இடித்து, திராட்சை மதுவும் காளையின் பித்தமும் சேர்த்து, பித்தளைப் பாத்திரத்தில் 9 இரவுகள் ஊற வைத்து வடிகட்ட வேண்டும் என்பது அதன் செய்முறை. 2015இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அப்படியே தயாரித்துச் சோதித்தபோது, பல மருந்துகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமிகள் பெருமளவில் மடிந்தன என்று செய்தி வந்தது பலருக்கு நினைவிருக்கும். நமக்கு இங்கே வேண்டியது அந்தச் செய்முறையின் தொடக்கம்தான். ‘கட்டி வித் கண்களிம்பு செய்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், கட்டியோடு சேர்த்துக் களிம்பு கிண்டச் சொல்கிறார்கள் என்று இன்றைய ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் மிரண்டுபோவார். கட்டிக்கு எதிராக என்பதே பொருள். அந்தக் கால மருத்துவக் குறிப்புகள் பலவும் இப்படி ‘வித்’ என்ற சொல்லோடுதான் தொடங்குகின்றன; தலைவலிக்கு, குத்துவலிக்கு என்று நாம் நான்காம் வேற்றுமையில் எழுதும் இடத்தில் அவர்கள் ‘எதிராக’ என்று எழுதியிருக்கிறார்கள்.

இத்தனை வரிகளைப் பார்த்த பிறகு எடிம்ஆன்லைனின் அந்த ஒற்றை வாக்கியத்துக்குத் திரும்பினால், அது சொல்வது எவ்வளவு சரி என்பது புரிகிறது. சண்டை என்பது தனி ஆள் செய்யக்கூடிய காரியமல்ல. எதிரே நிற்பவனும் அந்தச் செயலில் பங்குகொண்டே தீர வேண்டும் என்பதால், ‘அவனுக்கு எதிராகப் போரிட்டான்’ என்பதை ‘அவனோடு போரிட்டான்’ என்று கேட்பது மிகச் சிறிய நகர்வு. தமிழருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ‘பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை’ என்று சொன்னால், அவரும் நானும் ஓரணியில் நின்று வேறொருவரை அடித்தோம் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. போரிடுதலிலிருந்து பேசுதல், வாதிடுதல், பேரம் பேசுதல் என்று இருவர் எதிரெதிரே நின்று செய்யும் ஒவ்வொரு செயலாகச் சொல் பரவினால், எதிர்ப்பு மெல்லக் கரைந்து கூட்டு மட்டும் எஞ்சிவிடும். இதற்கு நடுவே, இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் 9ஆம் நூற்றாண்டு முதல் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் நார்ஸ் மொழியில் இதே சொல்லின் உறவான ‘வித்’ ஏற்கெனவே எதிராக, அருகே, உடன் என்ற பொருள்களையெல்லாம் தாங்கியிருந்தது. ‘தே’, ‘தெம்’ போன்ற பிரதிப்பெயர்களையே ஆங்கிலத்துக்குக் கொடுத்த மொழி அது. ஒரு முன்னிடைச்சொல்லின் பொருளை அசைத்துப் பார்த்திருக்கும் என்பதில் வியப்பில்லை. எந்த டேனியப் படையை எதிர்த்து என்று எழுதுவதற்கு ‘வித்’ பயன்பட்டதோ, அவர்கள் இனத்தாரின் பேச்சே அந்தச் சொல்லை நட்பின் பக்கம் திருப்ப உதவியிருக்கிறது.

தோற்றுப்போனது ‘மிட்’. ஜெர்மனில் ‘மிட்’ என்றும் டச்சில் ‘மெட்’ என்றும் அதன் உறவுகள் இன்றும் நலமாக இருக்க, ஆங்கிலத்தில் மட்டும் 14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. உடனிருத்தல் மட்டுமன்றிக் கருவிப் பொருளையும் அதனிடமிருந்து ‘வித்’ எடுத்துக்கொண்டது; கத்தியால் வெட்டுவதற்கும் நண்பனோடு போவதற்கும் ஒரே சொல் என்ற நிலை வந்தது. இதைப் பார்த்துத் தமிழ் மாணவர் முகம் சுளிக்க வேண்டியதில்லை. தொல்காப்பியர் மூன்றாம் வேற்றுமைக்கு ‘ஒடு’ என்று பெயரிட்டு, வினைமுதலையும் கருவியையும் அதன் பொருளாகத்தான் வகுத்திருக்கிறார். ‘மிட்’ உயிரோடு இருக்கும் ஓர் இடத்தை எடிம்ஆன்லைன் சுட்டுகிறது: பிரசவம் பார்ப்பவரைக் குறிக்கும் ‘மிட்வைஃப்’. ‘மிட்நைட்’ போல ‘நடு’ என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் திருத்திக்கொள்ளலாம். பிரசவ வேளையில் பெண்ணோடு உடனிருப்பவர் என்பதே அதன் பொருள். இந்தத் தேடலில் நான் கண்டறிந்தவற்றில் என் தங்கை மகளுக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 1884இல் முதல் பகுதி வெளிவந்து, ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்துகள் 1921இலேயே முடிந்துவிட்ட பிறகும், ‘டபிள்யூ’வின் பிற்பகுதி மட்டும் இழுத்துக்கொண்டே போய் 1928 ஏப்ரலில்தான் அச்சேறியது. அந்தக் கடைசிப் பகுதியில்தான் ‘வித்’ இருக்கிறது. 1989இல் வந்த 20 தொகுதிகள் கொண்ட இரண்டாம் பதிப்பிலும் அதைக் கடைசித் தொகுதியில்தான் தேட வேண்டும். நூற்றாண்டு வாரியாக மேற்கோள்களை அடுக்கிப் பொருள் நகர்ந்த பாதையைக் காட்டுவதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அதன் இணையப் பதிப்பு சந்தாக் கட்டியவர்களுக்கோ, சந்தாக் கட்டிய நூலகத்தில் உறுப்பினராக உள்ளவர்களுக்கோதான் திறக்கும். மாதம் இரண்டு மூன்று சொற்களுக்காகச் சந்தாக் கட்ட என் போன்ற தனி மொழிபெயர்ப்பாளருக்குக் கட்டுப்படியாகாது. அச்சுத் தொகுதி உள்ள நூலகம் அருகில் இருந்தால் அது பெரும்பேறு. ஆங்கில விக்சனரி இலவசம்தான். புனரமைக்கப்பட்ட தாய்வடிவங்களுக்குத் தனித்தனிப் பக்கம் வைத்து உறவுச் சொற்களை மரம் போல விரித்துக் காட்டுவதில் அது எடிம்ஆன்லைனையும் மிஞ்சுகிறது. ஆனால் பலர் கைபட்டது என்பதால் பக்கத்துக்குப் பக்கம் தரம் ஏறி இறங்குகிறது.

எடிம்ஆன்லைனில் எனக்கு உறுத்திய இன்னும் சில உண்டு. எந்தச் செய்தி எந்த நூலிலிருந்து எடுக்கப்பட்டது என்பது பெரும்பாலான வரிகளில் குறிக்கப்படுவதில்லை; பயன்படுத்திய நூல்களின் பட்டியல் தனியே ஒரு பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். வடிவங்களுக்கு முன்னால் வரும் உடுக்குறி (*), அச்சொல் எந்த ஏட்டிலும் கிடைத்ததல்ல, ஒப்பீட்டின் மூலம் அறிஞர்கள் ஊகித்துக் கட்டியது என்பதைக் குறிக்கிறது. இதை அறியாத புதியவர், ‘வி-தெரோ’ என்று யாரோ ஒரு பழங்காலத்தவர் கல்லில் செதுக்கி வைத்திருப்பதாக நம்பிவிடக்கூடும். மொழிப் பெயர்களெல்லாம் ஒரே மூச்சில் வரிசையாக வருவதால், கைப்பேசியின் சிறு திரையில் எந்தச் சொல் எந்த மொழிக்குரியது என்று விரலை வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டியிருக்கிறது. பள்ளி மாணவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து முதல் இரண்டு மூன்று சொற்களுக்காவது வழிகாட்ட வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், ஆங்கிலம் கற்பிப்பவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் முதலில் திறக்க வேண்டியது இதைத்தான் என்பேன். கேள்விக்கு அரை நிமிடத்தில் நேர்மையான விடை கிடைக்கிறது. எங்கே ஊகம், எங்கே உறுதி என்ற வேறுபாடும் பெரும்பாலும் காட்டப்படுகிறது. விடையைத் தாண்டிச் சான்று வேண்டுபவர்கள் பழைய ஆங்கிலச் சொற்களுக்குப் பாஸ்வொர்த்-டோலரையும், அடுத்த நூற்றாண்டுகளுக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்; இரண்டும் இலவசம். மரக்கிளைக் கதை சொன்ன செயலியின் சந்தாவை நான் நிறுத்திவிட்டேன். தங்கை மகள் இப்போது ‘வித்அவுட்’ என்ற சொல்லைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். ‘வெளியே’ என்ற பழம்பொருளிலிருந்து ‘இல்லாமல்’ என்ற பொருளுக்கு அது வந்து சேர்ந்த வழியை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதாக ஏற்பாடு.